கமான் பட்டை, புஷ், கிங் பின்: பழுது பார்ப்பதா, புதிது போடுவதா?

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டை வட்டாரங்களில் தை, மாசி மாதங்களில் சம்பா நெல் களத்துக்கு வந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதமும் லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் ஓய்வு கிடையாது. நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். வைக்கோல் வீட்டுக்கு வர வேண்டும். கரும்பு போட்டவர்களுக்கு ஆலைக்கு லோடு அனுப்ப வேண்டும். கோடையில் கண்மாய் வண்டல் அடிக்கவும் அதே வண்டிதான். சொந்தமாக டிரெய்லர் வைத்திருக்கும் உழவர்களும், அண்ணன் தம்பியாகச் சேர்ந்து பழைய லாரி ஒன்றை வாங்கி ஓட்டும் குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு.

இந்த வண்டிகள் ஓடும் பாதையோ செம்மண் சரளைப் பாதை. கண்மாய்க் கரை மேடு, வாய்க்கால் குறுக்கீடு, வரப்பு என்று ஒவ்வொரு நடைக்கும் வண்டியின் அடிப்பாகம் அடி வாங்குகிறது. அறுவடை நடுவில் பட்டை உடைந்தால் பட்டறைக்காரர் இரண்டு வழி சொல்வார். "ஒட்டவைத்துத் தருகிறேன், சாயங்காலமே ஓட்டலாம்" என்பது ஒன்று. "புதிது போடுங்கள்" என்பது மற்றொன்று. கையில் இருக்கும் பணத்தைப் பார்த்துத்தான் பலரும் முடிவு செய்கிறார்கள். ஆனால் எந்த உறுப்பைச் செப்பனிடலாம், எதைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது அந்த உறுப்பு எவ்விதம் கெடுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் வீண் செலவும் குறையும். மூட்டையோடு வண்டி கவிழும் ஆபத்தும் குறையும்.

அடிப்பாகத்தில் என்னென்ன இருக்கின்றன?

வண்டியின் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் நின்று பாரத்தைத் தாங்குவது கமான் பட்டைக் கட்டு. நீளமான மேல் பட்டையை மெயின் பட்டை என்பர். அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண் போல் இருக்கும். அதன் கீழே நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாப் பட்டைகளையும் நடுவில் துளைத்துப் பிடிப்பது சென்டர் போல்ட். கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யு-போல்ட்டுகள். பட்டையின் ஒரு முனை சட்டத்திலுள்ள பிராக்கெட்டில் ஒரு பின்னால் மாட்டப்பட்டிருக்கும். மறு முனை ஷாக்கிள் என்னும் தொங்கு இணைப்பில் இருக்கும். பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதுதான் ஷாக்கிளின் வேலை. பின்னுக்கும் கண்ணுக்கும் இடையே இருப்பது புஷ்.

லாரியின் முன் சக்கரம் திரும்புவது கிங் பின்னைச் சுற்றி. டிராக்டரின் முன் அச்சிலும் இதுபோன்ற பின்னும் புஷ்ஷும் உண்டு. லாரியில் குலுக்கலை அடக்க ஷாக் அப்சார்பரும் இருக்கும். உழவர்களின் டிரெய்லர்களில் பெரும்பாலும் அது இராது. நான்கு சக்கர டிரெய்லரில் திரும்புவதற்கு டர்ன் டேபிளும், டிராக்டரோடு இணைக்க இழுவை வளையமும் இருக்கும்.

தேய்மானம் வேறு, களைப்பு வேறு

இந்த உறுப்புகள் கெடும் விதம் இரண்டு. ஒன்று உரசித் தேய்வது. ஏர்க் கொழு மண்ணில் உரசித் தேய்வதைப் போலப் பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. இது கண்ணுக்குத் தெரியும். கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியும். கருவி வைத்து அளக்கலாம். தேய்ந்த இடம் போக மிச்சமுள்ள இரும்பு பழுதில்லாமல் இருக்கும். ஆகவே தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றியோ, நிரப்பிக் கடைந்தோ சரிசெய்ய வழி உண்டு.

மற்றொன்று உலோகக் களைப்பு. ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் உடையாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் உடைந்துவிடும். கமான் பட்டைக்கும் இதுதான் நேர்கிறது. பாதையில் 5 மீட்டருக்கு ஒரு மேடு பள்ளம் என்று வைத்துக்கொண்டால் 10 கிலோமீட்டர் தூரத்தில் பட்டை 2,000 முறை வளைந்து நிமிரும். 100 நடை போய் வந்தால் 4 லட்சம் முறை ஆகிவிடும். பட்டையின் மேற்பரப்பில் ஒரு துருக்குழியிலோ, சுத்தியல் வடுவிலோ மயிரிழை அளவுக்கு விரிசல் தொடங்கி, ஒவ்வொரு அசைவிலும் சிறிது சிறிதாக உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டை முழுதாகவே தெரியும். ஒரு நாள் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது திடீரென்று முறியும்.

உலகம் இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1842 மே 8-ஆம் தேதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிய வேண்டும் என்ற கேள்வி அதன் பிறகு வலுவாக எழுந்தது. ஜெர்மனியில் ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் அச்சுகளை இயந்திரத்தில் மாட்டி லட்சக்கணக்கான முறை வளைத்துப் பார்த்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான பாரத்தைவிடக் குறைந்த பாரமும், பல முறை திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பை முறித்துவிடும் என்பதை அவர் காட்டினார். பாரம் கூடக்கூட, முறிவதற்கு வேண்டிய தடவைகள் வெகுவேகமாகக் குறையும் என்பதும் அவர் கண்டதே.

ஆகவே பட்டறைக்குப் போகும் முன்பே உழவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்த உறுப்பு தேய்ந்ததா, களைத்ததா?

முறிந்த பட்டையை ஏன் ஒட்டவைக்கக் கூடாது?

சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். லாரியிலிருந்து கழித்த பட்டை கொல்லர் உலையில் நல்ல அரிவாளாகிறது. இதைப் பார்த்துவிட்டு, "அரிவாளுக்கு ஆகும் இரும்பு வண்டிக்கு ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. விடை கொல்லரின் வேலையிலேயே இருக்கிறது. அவர் பட்டையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, வடிவம் கொடுத்து, கடைசியில் துவைச்சல் கொடுக்கிறார். அதாவது அந்த இரும்புக்கு முன்பிருந்த பதத்தைக் கலைத்து, அரிவாளுக்கு வேண்டிய வேறு பதத்தை ஏற்றுகிறார். இரும்பு பழையதுதான், பதம் புதியது.

கமான் பட்டைக்கும் அதற்கென்று ஒரு பதம் உண்டு. சாதாரண இரும்புச் சட்டத்தில் கரி 0.2 சதவீத அளவில் இருக்கும். பட்டை எஃகில் கரி 0.5 முதல் 0.65 சதவீதம் வரை இருக்கும். அதோடு சிலிக்கானும் மாங்கனீசும், அல்லது குரோமியமும் வனேடியமும் சேர்ந்திருக்கும். தொழிற்சாலையில் அதை 850 முதல் 900 டிகிரி சென்டிகிரேட் வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 450 முதல் 500 டிகிரி அளவில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். வளைந்தால் திரும்ப நிமிரும் குணம் இதனால்தான் வருகிறது. இதற்கு மேல், சிறு எஃகு மணிகளைப் பட்டையின் மேற்பரப்பில் வேகமாக வீசி அடிக்கிறார்கள். மேற்பரப்பு உள்ளுக்குள் அழுந்தி நிற்பதால் விரிசல் எளிதில் தொடங்காது.

வெல்டிங் வைக்கும்போது அந்த இடம் 1,500 டிகிரிக்கு மேல் சூடாகி உருகுகிறது. பக்கத்திலுள்ள இரும்பு சிவக்கக் காய்ந்து, சுற்றிலுமுள்ள குளிர்ந்த இரும்பினால் சட்டென்று ஆறிவிடுகிறது. அங்கே எஃகு கண்ணாடி போல் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதற்குச் சற்றுத் தள்ளிய இடத்தில் பதம் இறங்கி மெதுவாகிவிடுகிறது. ஒரே பட்டையில் அடுத்தடுத்து நொறுங்கும் இடமும் தொய்யும் இடமும் உண்டாகின்றன. வெளியே வெல்டிங் தடிமனாகத் தெரிவதால் உறுதியாகிவிட்டது போல் தோன்றும். பாரத்தோடு சில நடை போனதும் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே பட்டை முறியும். இரும்புத் துண்டை வைத்து இரு பக்கமும் ஒட்டினாலும் இதே கதிதான்.

மெயின் பட்டை முறிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி இழுத்துக்கொண்டு போகும். கண்மாய்க் கரை மேல் அப்படி நேர்ந்தால் சுமை முழுவதும் சரிவை நோக்கிச் சாயும். ஆகவே கமான் பட்டைக்கு வெல்டிங் கூடாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

ஒரு பட்டை மட்டும் முறிந்தால்?

கீழ்ப் பட்டைகளில் ஒன்று மட்டும் முறிந்து, கட்டில் மற்றவை நல்ல வளைவோடும் துருக்குழி இல்லாமலும் இருந்தால், அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றலாம். புதிய பட்டை பழையதன் அகலம், கனம், நீளம், வளைவு ஆகிய நான்கிலும் ஒத்திருக்க வேண்டும். தொய்ந்துபோன பழைய கட்டில் நல்ல வளைவுள்ள புதுப் பட்டை ஒன்றைச் செருகினால் பாரத்தின் பெரும்பங்கை அதுவே சுமக்கும். விரைவில் அதுவே முதலில் முறியும்.

மெயின் பட்டை முறிந்தாலோ, இரண்டு மூன்று பட்டைகள் முறிந்தாலோ, கட்டு முழுவதும் தொய்ந்திருந்தாலோ முழுக்கட்டையும் மாற்றுவதே சரி. ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்ந்தாற்போல் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாயாமல் நிற்கும்.

கனத்தையும் அளக்க வேண்டும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி மாறுகிறது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை துருவாலும் உரசலாலும் 9 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் குறைந்தது பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். அதே வளைவிசை வந்தால் மேற்பரப்பில் ஏற்படும் இழுவிசை 23 சதவீதம் கூடிவிடும். லேத் பட்டறையில் உள்ள வெர்னியர் காலிப்பரால் இதை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம்.

தொய்ந்த பட்டையை அடித்து நிமிர்த்தலாமா?

பட்டை உட்கார்ந்துவிட்டால் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவது பழைய வழக்கம். வெறும் அடியால் ஏறிய வளைவு பாரம் ஏறியதும் திரும்ப இறங்கிவிடும். சம்மட்டி விழுந்த ஒவ்வொரு வடுவும் விரிசல் தொடங்கும் இடமாகிறது. உலையில் காய்ச்சி வளைத்து அப்படியே தரையில் ஆறப்போடுவது அதைவிடக் கெடுதி. எஃகின் பதம் போய்விடும்.

பட்டை முழுவதையும் சீராகச் சூடாக்கும் உலை, தோய்ப்பதற்கு எண்ணெய்த் தொட்டி, மறுசூட்டின் அளவைக் காட்டும் கருவி ஆகிய மூன்றும் உள்ள பட்டறையில் மட்டுமே மறுவளைவு ஏற்றும் வேலையைக் கொடுக்கலாம். அப்போதும் விரிசல் சோதனை முடிந்த பட்டையாக இருக்க வேண்டும். களைத்துப்போன பட்டைக்கு வளைவு ஏற்றினால் வளைவு வரும். உள்ளிருக்கும் விரிசல் போகாது.

தொய்வுக்கு மருந்தாகக் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவோரும் உண்டு. கட்டு விறைப்பாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அச்சு, டயர், பிராக்கெட், சட்டம் ஆகியவை பழைய வலுவிலேயே இருக்கின்றன. குலுக்கல் முழுவதும் அவற்றுக்குப் போய்ச் சேரும். பட்டை கூடினால் ஏற்றக்கூடிய பாரமும் கூடிவிட்டது என்று நினைப்பது தவறு.

செப்பனிடக் கூடியவை

பின்னும் புஷ்ஷும் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. தேய்ந்த பின்னுக்குப் புதுப் புஷ்ஷோ, தேய்ந்த புஷ்ஷுக்குப் புதுப் பின்னோ போட்டால் ஒன்றையொன்று வேகமாகத் தின்றுவிடும். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். விலை குறைந்த இந்த ஜோடியைக் காலத்தில் மாற்றாவிட்டால், பின் தன் ஓட்டையை விட்டு அடுத்து பட்டையின் கண்ணையும் பிராக்கெட்டையும் தேய்க்கத் தொடங்கும்.

டிரெய்லர் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவமாகிவிட்டால் புது பிராக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான டிரெய்லர்களின் பிராக்கெட் சாதாரண இரும்புத் தகட்டில் செய்தது. அதன் துளையை வெல்டிங்கால் நிரப்பி, லேத்தில் சரியான அளவுக்குக் கடைந்துகொள்ளலாம். அல்லது துளையைப் பெரிதாக்கி உள்ளே ஒரு குழல் செருகலாம். கையால் பிடித்த டிரில்லிலோ, காஸ் தீயிலோ துளையிட்டால் துளை கோணலாகி, புதுப் பின்னும் சீக்கிரம் தேயும். வார்ப்பிரும்பு பிராக்கெட்டில் வெல்டிங் வெடித்துவிடும் என்பதால் அதை மாற்றிவிட வேண்டும். லாரியின் நீளச் சட்டத்தில் தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில், அனுமதித்த முறையில் தவிர வெல்டிங் வைக்கக் கூடாது.

டர்ன் டேபிளின் தேய்ந்த உரசு தகடுகளை மாற்றிப் போடலாம். ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்ஷைத் தனியாக மாற்றலாம். ஆனால் எண்ணெய் கசிந்து வழியும் ஷாக் அப்சார்பரை அச்சுக்கு இரண்டாக மாற்றுவதே நல்லது.

கட்டாயம் மாற்ற வேண்டியவை

யு-போல்ட், அதன் நட்டு, சென்டர் போல்ட் ஆகியவற்றை ஒரு முறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. இறுக்கும்போதே அவை நீண்டு, மரையும் உருக்குலைந்திருக்கும். பழைய யு-போல்ட் பிடி தளர்ந்தால் பட்டைகள் நடுத்துளையிலிருந்து வளையத் தொடங்கும். பல கட்டுகளில் பட்டை சரியாக நடுத்துளையில் முறிந்திருப்பதைக் காணலாம். அங்கே பழி பட்டையின் மேல் இல்லை. தளர்ந்த யு-போல்ட்டின் மேல்தான். புதிய யு-போல்ட்டைப் பட்டையின் மேல் வண்டியின் எடை நிற்கும்போது, குறுக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பாரத்தோடு சில நாள் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கிவிட வேண்டும்.

கிங் பின்னை இரு சக்கரத்துக்கும் சேர்த்து, புஷ், தாங்கு பேரிங், வாஷர் உட்பட முழுத் தொகுப்பாக மாற்ற வேண்டும். புதிய புஷ்ஷை ரீமர் கொண்டு அளவாகக் கடையத் தெரிந்த பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். தேய்ந்த பின்னைச் சுற்றித் தகரம் சுற்றி ஆட்டத்தை நிறுத்துவது ஏமாற்று வேலை. இழுவை வளையம் மெலிந்துவிட்டால் அதன் மேல் வெல்டிங் பூசாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. இழுவை விட்டுப்போனால் டிரெய்லர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கழித்த பட்டையை வாங்கிப் போடுவதையும் தவிர்க்க வேண்டும். அது எத்தனை லட்சம் முறை வளைந்தது என்பதை எவரும் சொல்ல முடியாது. அது அரிவாளுக்குப் போகட்டும்.

வீட்டு வாசலிலேயே சோதனை

அறுவடைக்கு ஒரு மாதம் முன், மார்கழியிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் அவசரத்தில் தவறான முடிவு எடுக்க நேராது.

முதலில் வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். இரு பக்கமும் டயர் காற்று சமமாக இருக்கட்டும். தரையிலிருந்து சட்டம் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்தால் எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறது என்பது தெரியும்.

அடுத்து பட்டைகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் சுண்ணாம்புப் பொடி அல்லது சாக்கட்டிப் பொடியைப் பூசலாம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஒரு கோடாகத் தெரியும். யு-போல்ட்டுக்குப் பக்கத்திலும், கண்ணுக்குப் பக்கத்திலும், பட்டையின் மேற்பக்கத்திலும் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பாரம் ஏறும்போது இழுபடுவது மேற்பக்கம்தான்.

பிறகு சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கி வைத்து, ஷாக்கிளைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் பின்னும் புஷ்ஷும் போய்விட்டன என்று பொருள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையக் கூடாது.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் ஆட்டம் தெரியும். உடனே ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பழுது சக்கரப் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். பேரிங் ஆட்டம் சில சமயம் இறுக்கினாலே தீர்ந்துவிடும். இந்த ஒரு சோதனை தெரியாமல் கிங் பின்னுக்குச் செலவழித்தவர்கள் பலர்.

யு-போல்ட் நட்டிலிருந்து செந்துரு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

செலவுக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையைக் காட்டவே கீழ்க்கண்ட எண்கள். உழவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறிந்த பட்டைக்கு வெல்டிங் 1,500 ரூபாய், புதுப் பட்டையும் யு-போல்ட்டும் கூலியும் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெல்டிங் வைத்தது அறுவடை நடுவில் முறிந்து 3 நாள் வண்டி நின்று, நாளைக்கு 3,000 ரூபாய் வாடகை வண்டிக்குப் போனால் 9,000 ரூபாய் நட்டம். வெல்டிங் கூலியோடு 10,500 ரூபாய்; அதற்குப் பிறகும் பட்டை வாங்கியே ஆக வேண்டும். புதிது போட்டது 4 பருவம் உழைத்தால் பருவத்துக்கு 2,250 ரூபாய்தான். கவிழ்ந்த வண்டியும் அடிபட்ட ஆளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதே கணக்கு சில இடங்களில் செப்பனிடுவதற்குச் சாதகமாக வரும். டிரெய்லர் பிராக்கெட் துளையை நிரப்பிக் கடைய 1,200 ரூபாய், புது பிராக்கெட் பொருத்த 5,000 ரூபாய் என்றால், சரியாகக் கடைந்த துளை புதியதற்கு இணையாக உழைக்கும். அங்கே 3,800 ரூபாய் மிச்சம்.

செப்பனிட்டு வாழும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவி செய்து பேருந்துகளை ஓட்டியது. தேய்ந்த டயருக்கு மறு ரப்பர் போடும் வேலையையும் மேற்கொண்டது. அந்தச் சிக்கனம் இன்றும் நல்ல குணமே. தேய்ந்த இடத்தில் அதைக் காட்டலாம். களைத்த இடத்தில் காட்டக் கூடாது.

துருவும் உரமும் பாரமும்

காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டில் உலோக அரிப்பைப் பற்றி ஆராயும் முக்கிய நிறுவனங்களில் ஒன்று. அரிப்பின் அடிப்படை எளிது: இரும்பின் மேல் ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்பே. சாக்கிலிருந்து சிந்திய உரம் பட்டை இடுக்கில் தங்கிக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உரம் ஏற்றிய அன்றே டிரெய்லரின் அடிப்பாகத்தைத் தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். கழுவிய பின் கிரீஸ் நிப்பிள் உள்ள பின்களுக்குப் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயோ கிரீஸோ ஆகாது. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ஓடும் காலத்தில் பட்டைகளின் மேல் கழிவு எண்ணெய் ஊற்றினால் செம்மண் தூசி ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போல் தேய்க்கும்.

மழைக்காலத்தில் பல மாதம் சும்மா நிற்கும் டிரெய்லரைக் கூரையின் கீழ், வெற்றாக, சட்டத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினால் பட்டைக்கும் டயருக்கும் ஓய்வு கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் பாரம். 2018-ல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அந்த உத்தரவால் பழைய லாரியின் பட்டைகள் வலுப்பெற்றுவிடவில்லை. வண்டியின் பதிவுச் சான்றில் எழுதிய எடையே அதன் எல்லை. நெல் ஈரமாக இருந்தால் அதே அளவு குவியல் கூடுதல் எடை இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சுமையின் மேல் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் தவறு. பட்டை முறியும் நாளில் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அறுவடைக்கு வந்த கூலியாட்களும் வீட்டுப் பிள்ளைகளுமே.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முறிந்த அல்லது விரிசல் கண்ட கமான் பட்டைக்கு வெல்டிங் கூடாது, மாற்ற வேண்டும்.

2. மெயின் பட்டை போனாலும், கட்டு தொய்ந்தாலும் முழுக்கட்டை இரு பக்கமும் மாற்ற வேண்டும்.

3. பின்னும் புஷ்ஷும் ஜோடியாக. கிங் பின் முழுத் தொகுப்பாக. யு-போல்ட்டும் சென்டர் போல்ட்டும் கழற்றினால் புதிதாக.

4. இரும்புத் தகட்டு பிராக்கெட் துளை, டர்ன் டேபிள் உரசு தகடு போன்றவற்றைச் செப்பனிட்டுக்கொள்ளலாம்.

5. வாங்கும் பொருளில் தயாரிப்பாளர் முத்திரையைப் பார்த்து, ரசீது பெற்று வைக்க வேண்டும்.

6. மார்கழியிலேயே மண்ணெண்ணெய், சுண்ணாம்புச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

பணமுடை உள்ள ஆண்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாது. அப்போது விரிசல் கண்ட பட்டைக்கும் யு-போல்ட்டுக்கும் முதலிடம், கிங் பின்னுக்கும் இழுவை வளையத்துக்கும் இரண்டாமிடம், மற்றவற்றுக்கு அடுத்த இடம் என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். முதலிரண்டு வேலைகளும் முடியும் வரை வண்டியில் பாரம் ஏற்றாமல், அந்தப் பருவத்து நெல்லை வாடகை வண்டியில் அனுப்புவதே லாபம்.